ஓய்வெடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்

33 வருஷம் என்னிடம் கணக்குப் படித்த எல்லோரும் எனக்குப் பிள்ளைகள்தான். பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களும் இதில் அடக்கம்.

வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. நன்றாக இருக்கிறேன். கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். மாடிக்கு ஏறித் துணி காயப்போடுகிறேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு நானே போய்க் காய்கறி வாங்கி வருகிறேன். விசாரித்த அத்தனை பேருக்கும் நன்றி.

நன்றி சொல்லியாயிற்று. இனிமேல் கொஞ்சம் திட்டு. பதிவு நீளம்தான். பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே ஓடலாம்.

ஆபரேஷன் ஆன செய்தியை என் மகன் இங்கே போட்டபோது வந்த பதில்களை நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர்." "ஒரு வேலையும் செய்யாதீங்க மிஸ், எல்லாத்தையும் மருமக பாத்துக்கிடட்டும்." "மூணு மாசத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கப்படாது அத்தை." பத்துக்கு எட்டு இதே பாட்டு. அன்பில் எழுதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு நம் ஊரில் சொல்லப்படும் யோசனைகளிலேயே ஆகக் கெட்டது இதுதான். இந்த மாதத்தில் மட்டும் உங்களில் மூன்று பேர் போன் செய்து, அம்மாவுக்கு இதே ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்த மூன்று அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேய்ந்துபோன தொடை எலும்பின் கீழ் முனையையும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் முனையையும் மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தைப் பொருத்துகிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். பல்லுக்கு 'கேப்' போடுவதைப் போல என்று என் டாக்டர் சொன்னார். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அவர் வேலை முடிந்துவிடும்.

ஆனால் உலோகம் தானாக நடக்காது. முழங்காலை நீட்டி நம்மை நிமிர்த்தி நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் அந்தத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, ஆட்டுக்கால் சூப்பும் கிடையாது. அந்தத் தசைக்கு வேலை கொடுப்பது ஒன்றே வழி. இன்னொன்று, உள்ளே புண் ஆறும்போது தழும்பு கட்டும். காலை அசைத்துக்கொண்டே இருந்தால் அது வளைந்துகொடுக்கிற மாதிரி ஆறும். அசைக்காமல் வைத்தால் இறுகிப்போகும். முதல் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இதற்கு முக்கியமான காலம். நீங்கள் "கட்டிலை விட்டு இறங்காதே" என்று சொல்கிற அதே மூன்று மாதம்!

கணக்கு டீச்சர் ஆயிற்றே, கொஞ்சம் கோணமும் பார்த்துவிடுவோம். சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 65 முதல் 70 பாகை மடங்க வேண்டும். படி ஏற ஏறக்குறைய 85. இறங்க 90. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க 95 பக்கம் வரும். நாற்காலி தாழ்ந்துகொண்டே போனால் கோணம் கூடிக்கொண்டே போகும். எல்லோரும் "எவ்வளவு மடக்குறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, "முழுசா நீட்ட முடியுதா?" என்பது. கால் நேராக நீளாமல் 15 பாகை மடங்கியே நின்றுவிட்டால் அந்தக் கால் குட்டைக்கால் மாதிரி ஆகிவிடும். நொண்டி நொண்டி நடக்க வேண்டும். இடுப்பு வலிக்கும். பாரமெல்லாம் அடுத்த முழங்கால் மேல் விழும்.

இப்போது என் பெரிய மதினி கதைக்கு வருகிறேன். மதினியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வருஷம் முன்னால் அவர்களுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. நல்ல டாக்டர்தான், மூட்டும் சரியாகவே பொருந்தியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் நாலு பேரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை. கட்டிலுக்கே சாப்பாடு, கட்டிலுக்கே காப்பி. பிசியோதெரபி செய்ய வந்த பெண் காலை மடக்கச் சொன்னபோது மதினி வலியில் கத்தினார்கள். "எங்கம்மைய கொன்னுபோடுவா போல" என்று அந்தப் பெண்ணை இரண்டாம் நாளே வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கால் நேராகவும் நீளவில்லை, 60 பாகைக்கு மேல் மடங்கவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து டாக்டர் காலை அழுத்தி மடக்கிவிட வேண்டியிருந்தது. அதிலும் பாதிதான் சரியாயிற்று. இன்றைக்கும் மதினி வாசல் வரைதான். கோயிலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அந்தத் தலையணைதான் காரணம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். கால் மடங்கியபடியே இறுகும். வைக்க வேண்டிய இடம் குதிகாலுக்கு அடியில். அப்போதுதான் முழங்கால் தன் பாரத்தாலேயே இறங்கி நேராகும். வலிக்கும். வலித்தாலும் அதுதான் சரி.

மதினியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தெருவெல்லாம் என்ன சொன்னீர்கள்? "மூட்டு ஆபரேஷன் செஞ்சா அவ்வளவுதான், படுக்கைதான்." ஆபரேஷனால் மதினி படுக்கவில்லை. படுக்க வைத்ததால் படுத்தார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து, வலியோடு இன்னும் பத்து வருஷத்தை ஓட்டலாம் என்று நினைக்கும் பெண்கள் நம் குடும்பத்திலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

படுக்கை ஆபத்தில்லாதது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? 1947-லேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 'படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். நுரையீரல், ரத்தக்குழாய், தோல், தசை, எலும்பு, சிறுநீர்ப்பாதை, குடல், மனசு என்று உறுப்பு உறுப்பாக எடுத்து, படுத்தே கிடந்தால் ஒவ்வொன்றும் எப்படிக் கெடும் என்று வரிசைப்படுத்தினார். இப்போது ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பதற்குக் காரணம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கருணை இல்லை என்பதல்ல. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது அதற்காகத்தான். அது பொழுதுபோக்கு இல்லை.

இங்கே என் மருமகளைப் பற்றி எழுத வேண்டும். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவள் லீவு போட்டு வந்து ஆறு வாரம் என்னுடன் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சிகளை ஒரு அட்டையில் டைம்டேபிள் மாதிரி எழுதிச் சுவரில் ஒட்டினாள். எண்ணிக்கை சொல்லுவாள். நான் எட்டில் நிறுத்தினால், "அத்தை, பத்து" என்பாள். பன்னிரண்டாம் நாள் நான் வாக்கரைப் பிடித்து அடுப்படிக்குப் போய் என் காப்பியை நானே போட்டேன். குடித்த டம்ளரை நானே கழுவி வைத்தேன். அந்த நேரம் பார்த்து வந்த நம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வெளியே போய்ப் பேசியது என் காதுக்கு வராமல் இல்லை. "ஆபரேஷன் பண்ணுன மாமியாள நிக்க வச்சி வேலை வாங்குதா பாரு."

பேசியவர்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கால் இன்று 115 பாகை மடங்குகிறது, முழுசாக நீள்கிறது. பாதிப் பெருமை டாக்டருக்கு, பாதி அவளுக்கு. அன்று அவள் டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கியிருந்தால் உங்களிடம் நல்ல மருமகள் என்று பேர் வாங்கியிருப்பாள். நானும் மதினியைப் போல வாசலில் நின்றிருப்பேன்.

"டம்ளர் கழுவுவதெல்லாம் பயிற்சியா?" என்று கேட்காதீர்கள். அடுப்படியில் பத்து நிமிஷம் நிற்பதில் இரண்டு காலுக்கும் மாறி மாறிப் பாரம் போகிறது. திரும்புகிறோம், எட்டி எடுக்கிறோம், நாலடி நடக்கிறோம். அதோடு, இது என் வீடு, இது என் அடுப்பு என்ற நினைப்பு திரும்ப வருகிறது. அந்த நினைப்பு வராதவர்கள் பயிற்சியையும் செய்வதில்லை. நான் கண்ணால் பார்த்தது இது. மூன்றாம் வாரம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கினேன், கத்தியால். அரிவாள்மனைக்குத் தரையில் உட்கார வேண்டும், அதற்கு விடை கொடுத்தாயிற்று. ஆறாம் வாரம் தெருமுனை வரை. பத்தாம் வாரம் மாடிப்படி. எல்லோருக்கும் இதே கணக்கு வராது. சர்க்கரை, இதயக் கோளாறு, வயசு எல்லாம் சேர்த்து உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்கள் கணக்கு. ஆனால் எந்த டாக்டரும் மூன்று மாதம் படுத்துக்கிட என்று சொல்ல மாட்டார்.

இதற்கு நேர் எதிர்ப் பாவமும் ஒன்று நடக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆனால் "வீட்டை யார் பார்ப்பா" என்ற ஒரே கேள்வியில் அவர்களுடைய ஆபரேஷன் வருஷக்கணக்கில் தள்ளிப்போகிறது. கடைசியில் செய்துகொண்டு வந்ததும், ஒரு மாதம் தாங்குவது. பிறகு "அதான் நடக்கியே" என்று எட்டுப் பேருக்குச் சமையலையும், பேரப்பிள்ளைகளையும், வந்து போகிற விருந்தாளியையும் தலையில் கட்டிவிடுவது. இது பயிற்சி இல்லை. ஒரேயடியாக நாலு மணி நேரம் நிற்க வைத்தால் கால் வீங்கும், மறுநாள் பயிற்சி செய்ய முடியாது. கொஞ்ச நேரம் வேலை, பிறகு காலை உயர்த்தி வைத்து இளைப்பாறுதல், மறுபடியும் வேலை. இதுதான் முறை. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் வேலையை எங்களிடமிருந்து பிடுங்காதீர்கள். உங்கள் வேலையை எங்கள் மேல் ஏற்றாதீர்கள்.

"வலிக்குமே, பாவம்" என்பீர்கள். வலிக்கத்தான் செய்யும். வலி மாத்திரை கொடுப்பதே வலியைத் தாங்கிப் பயிற்சி செய்வதற்காகத்தான், சுருண்டு படுத்துக்கொள்வதற்காக அல்ல. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். வீக்கமும் லேசான சூடும் சில மாதம் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருக்கும். 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், திடீரென்று மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ வடிவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் ஆன காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் கூட்டிவருகிற சொந்தக்காரர்களே, தயவுசெய்து வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் உருவுவதே எமனாகிவிடும்.

"விழுந்துட்டா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான பயம். அதற்கு மருந்து கட்டில் இல்லை. ராத்திரி விளக்கு, தரையில் கிடக்கும் மிதியடியையும் பாயையும் சுருட்டி வைப்பது, குளியலறையை ஈரமில்லாமல் வைப்பது, சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, உயரமான கழிப்பறை இருக்கை. ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கி வந்த காசில் (எனக்குச் சர்க்கரை வேறு!) பாதியைப் போட்டால் கம்பி பொருத்திவிடலாம். கைத்தடியையும் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வலது கால் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில். நம்மில் பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறோம். படியில் ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் ஆபரேஷன் செய்த கால்.

ஆஸ்பத்திரிகளையும் விடப்போவதில்லை. 'நாலு மணி நேரத்தில் நடக்கலாம்' என்று பைபாஸ் முழுக்கப் போர்டு வைக்கிறார்கள். நாலு மணி நேரத்தில் நாலு எட்டு நடக்கலாம், உண்மைதான். நாலு மாதம் உழைக்க வேண்டும் என்பதை எந்தப் போர்டிலும் காணோம். எனக்கு ஆபரேஷன் நடந்த இடத்தில் மூன்று நாள் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். நாலாம் நாள் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது புரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வள்ளியூர்ப் பக்கத்து அம்மா அந்தத் தாளில் மாத்திரையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். படம் போட்டுத் தமிழில் ஒரு தாள் அடிக்க என்ன செலவாகிவிடும்?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பேருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல். நல்ல காரியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. ஆக, மூட்டு ஏழைக்கும் கிடைக்கிறது. அந்த மூட்டை நடக்க வைக்கிற ஆள் கிடைக்கிறாரா? வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்பவருக்குத் தினமும் கொடுக்க எல்லோரிடமும் பணம் இல்லை. முதலில் நிறுத்தப்படுவதும் அந்தச் செலவுதான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்காமல் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். உங்களில் ஆசிரியர்களும், வி.ஏ.ஓ.க்களும், கவுன்சிலர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு இதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். எனக்கு மாலை போடுவதைவிட அது மேல்.

வெளியே போகச் சொல்கிறேனே, வெளியே என்ன இருக்கிறது? டவுன் பஸ்ஸின் முதல் படி இன்னும் என் முழங்கால் உயரத்துக்குத்தான் நிற்கிறது. சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்து வந்தது. நெல்லைக்கு எப்போது? ரேஷன் கடை, பேங்க், கருவூலம், எங்கே பார்த்தாலும் கைப்பிடி இல்லாத படி. முழங்காலைச் சரிசெய்த பிறகும் பாட்டி வீட்டிலேயே இருப்பதற்கு முழங்கால் மட்டும் காரணம் இல்லை.

அந்த மூன்று பேருக்கும் கடைசியாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நாள் வருவதற்கு முன்னாலேயே தொடைத் தசைப் பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். குளியலறைக் கம்பியை இப்போதே பொருத்துங்கள். ஆறு வாரத்துக்கு வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அது மருமகளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, மகனும் எண்ணிக்கை சொல்லலாம். பார்க்க வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசாதீர்கள். அம்மாவோடு சேர்ந்து முற்றத்தில் நாலு நடை நடக்கச் சொல்லுங்கள். அம்மா "போதும்" என்றால் இன்னும் இரண்டு எண்ணுங்கள். அதற்காக உங்களைக் கல்நெஞ்சு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

என் இடது முழங்காலுக்கும் அடுத்த வருஷம் தேதி பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போது இங்கே யாராவது "ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்று எழுதினால் பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவேன். "இன்னிக்கு எத்தனை பாகை டீச்சர்?" என்று கேளுங்கள். பதில் போடுகிறேன்.

எல்லோரும் நல்லா இருங்க.